சாதித் திமிரைக் காட்டிய வீடியோ போனது, மிரட்டியவர்களின் வீடியோ இருக்கிறது: யாரிடம் கேட்பது?

பாலக்கோடு பக்கத்தில் ஊர்ச் செய்திப் பக்கம் நடத்துகிற ஒரு தம்பி அனுப்பிய கேள்விக்கான பதில் இது. அவர் சொன்னது சுருக்கமாக: ஊர்த் திருவிழாவில் ஒரு தரப்பினரைத் தேர் வடத்தைத் தொடவிடாமல் தடுத்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். அதைச் செல்போனில் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டார். ஒரு நாள்கூட ஆகவில்லை, 'வெறுப்புப் பேச்சு' என்று சொல்லி வீடியோவை நீக்கிவிட்டார்கள், பக்கத்துக்கும் கட்டுப்பாடு. திட்டிய தரப்பு அரிவாள் படத்தோடு போட்ட 'நாங்க யாரு தெரியுமா' வகைப் பெருமை வீடியோ மட்டும், பல பேர் ரிப்போர்ட் அடித்தும், கீழே மிரட்டல் கமெண்ட்டுகளோடு அப்படியே இருக்கிறது. "அண்ணா, இது சென்சார்ஷிப் இல்லையா? கோர்ட்டுக்குப் போகலாமா? எதையுமே யாரும் நீக்கக்கூடாதுன்னு சட்டம் இருந்தா நல்லா இருக்குமில்ல?" என்று கேட்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: இருக்காது. ஏன் என்று கீழே சொல்கிறேன், அது நம் பக்கத்து நடப்பை வைத்தே சொல்ல வேண்டியது. மற்ற இரண்டும் அவ்வளவு சுலபமில்லை. கிருஷ்ணகிரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன், இந்த மாதிரிப் பிரச்சினையோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலும் கோபத்தோடு வருகிறார்கள், கையில் ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட இருக்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வீடியோ காணாமல் போனால் அதை எடுத்தது யார் என்பதுதான் முதல் கேள்வி. நிறுவனம் தன் சொந்த விதிப்படி எடுத்திருக்கலாம். அரசோ நீதிமன்றமோ சொல்லி எடுத்திருக்கலாம். இல்லையென்றால் 'இது என் பாட்டு, என் படம்' என்று வேறொருவர் காப்புரிமைப் புகார் கொடுத்திருக்கலாம். இந்த மூன்றுக்கும் போய்த் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு. வந்த அறிவிப்பை நிதானமாகப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். 'சமூக விதிமுறைகளுக்கு எதிரானது' என்றிருந்தால் நிறுவனத்தின் முடிவு. 'சட்டப்படியான கோரிக்கையால் இந்த நாட்டில் கிடைக்காது' என்கிற மாதிரி இருந்தால் பின்னால் அரசோ நீதிமன்றமோ இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் வெளிநாட்டில் வேலை பார்க்கிற சொந்தக்காரர் யாருக்காவது லிங்க்கை அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள், இங்கே தெரியாதது அங்கே தெரிந்தால் விஷயம் அதுதான். காப்புரிமை என்றால் உரிமை கோரியவர் பெயரே பெரும்பாலும் அறிவிப்பில் வந்துவிடும். அதைப் பற்றி ஒரு வரி மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்: திருவிழா ஸ்பீக்கரில் ஓடுகிற சினிமாப் பாட்டுக்கு வருவது பெரும்பாலும் உரிமைக் கோரல்தான், விளம்பரக் காசு பாட்டுக்காரருக்குப் போகும், அதோடு முடிந்தது, ஸ்ட்ரைக் என்கிற மீறல் எச்சரிக்கை வேறு, யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் பார்த்தேன். உங்களுடையது முதல் வகை, நிறுவனம் எடுத்தது.

அப்படியென்றால் இது சென்சார்ஷிப்பா? பேச்சு வழக்கில் அப்படிச் சொல்லலாம், அதே வார்த்தையை மனுவில் எழுதினால் நிற்பது கஷ்டம். அரசியலமைப்பின் 19(1)(அ) தருகிற பேச்சுரிமை முதலில் அரசின் கையைக் கட்டுவதற்காக எழுதப்பட்டது. ஒரு தனியார் நிறுவனத்தின் மேல் அதை நேரடியாக வைத்து ரிட் (உரிமை கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடுகிற மனு) போட்டு ஜெயிப்பது எளிதல்ல. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கை 2019இல் முடக்கினார்கள். அவர் முகப்பில் வைத்திருந்தது 1936இல் ஜெர்மனியில் எடுத்த புகழ்பெற்ற படம்: கூட்டமே நாஜி வணக்கம் வைத்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு ஆள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நாஜிகளை எதிர்த்து நின்றவரின் படத்தை வெறுப்புப் படம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவரே டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய வக்கீலுக்கே அந்த நிலைமை என்கிறபோது பாலக்கோட்டிலிருந்து நேராக ரிட் மனுவோடு கிளம்புங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் 'அது தனியார் நிறுவனம், அவங்க இஷ்டம்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. டீக்கடைக்காரர் தன் சுவரில் ஒட்டிய நோட்டீஸைக் கிழித்தால் பக்கத்துக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். மாவட்டத்தில் இருக்கிற எல்லாச் சுவரும் இரண்டு மூன்று பேருக்கே சொந்தம் என்றாகிவிட்டால், கிழிப்பதற்கு முன் ஒரு காரணம் சொல்லு என்று கேட்கிற உரிமை ஊருக்கு வேண்டும். என் கருத்து முழுவதும் இந்தக் காரணம் என்கிற ஒன்றில்தான் நிற்கிறது. நீக்குவதை நான் எதிர்க்கவில்லை. எதை, எந்த விதிப்படி, எதைப் பார்த்து நீக்கினாய் என்று நமக்குப் புரிகிற மொழியில் சொல்லாமல் நீக்குவதையும், நம் ஊர்ப் பேச்சு தெரியாத ஒருவர் அதை முடிவு செய்வதையும்தான் எதிர்க்கிறேன்.

சட்டத்தில் இதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 25இல் அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சம் பதிவு செய்த பயனர்களைத் தாண்டிய சமூக ஊடக நிறுவனம், இங்கேயே குடியிருக்கிற குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும், அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில் வர வேண்டும். தீர்வுக்கு விதி வந்தபோது 15 நாள் கொடுத்திருந்தார்கள். இந்தக் காலக்கெடுக்களை அடிக்கடி திருத்துகிறார்கள் என்பதால் புகார் எழுதுகிற அன்றைக்கு எது அமலில் இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுங்கள். அதைவிட உங்களுக்கு முக்கியமானது விதி 4(8): நிறுவனமே தன் முடிவில் ஒன்றை நீக்கினால், போட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், மறுத்துப் பேச நியாயமான வாய்ப்பும் தர வேண்டும். நான் பார்த்த வரைக்கும் நம் ஆட்கள் யாரும் இந்த விதியைச் சொல்லிப் புகார் எழுதுவதே இல்லை. 'என் வீடியோவைத் திருப்பிக் கொடு' என்று எழுதுகிறார்கள், அதற்குத் தயாராக இருக்கிற ஒரு பதில் வந்து விழுகிறது.

அங்கேயும் ஆகவில்லை என்றால், 2022 அக்டோபர் திருத்தத்தில் கொண்டுவந்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து ஆன்லைனிலேயே மனு வாங்குகிறார்கள், குறைதீர் அதிகாரியின் பதில் வந்த 30 நாளுக்குள் போட வேண்டும். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழு உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. உங்கள் மாதிரி சாதிக் கொடுமை விஷயத்துக்குத் தாராளமாகப் போகலாம். அரசையே விமர்சித்துப் போட்டதை நீக்கிவிட்டார்கள் என்று ஒருவர் வந்தால் அவரை அங்கே அனுப்ப எனக்கு மனசு வராது.

இப்போது உங்களை அதிகம் புண்படுத்திய கேள்விக்கு வருகிறேன். உங்களுடையது ஏன் போனது, அவர்களுடையது ஏன் இருக்கிறது?

நீக்குகிற வேலை மூன்று விதமாக நடக்கிறது. ஏற்கெனவே அடையாளம் கண்ட படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை எடுத்து வைத்துக்கொண்டு, யாராவது மறுபடி ஏற்றினால் பிடிப்பது ஒன்று. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்களை இப்படித்தான் தடுக்கிறார்கள், 2009இல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ இதற்குத்தான், இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இரண்டாவது, புதிதாக வருகிற எழுத்தையும் பேச்சையும் பார்த்து இது வெறுப்பு, இது வன்முறை என்று இயந்திரம் மதிப்பிடுவது. மூன்றாவது, ரிப்போர்ட் வந்ததை ஒப்பந்த நிறுவனங்களில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் பார்ப்பது. நாள் முழுக்கக் கோரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை அது. அதனால் மனநலம் கெட்டது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களுக்கு 2020இல் ஃபேஸ்புக் 5 கோடியே 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

சிக்கல் இரண்டாவதிலும் மூன்றாவதிலும். 2021இல் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களில் ஒரு கணக்கு இருந்தது: பொய்த் தகவலை இனம் காணச் செலவிடும் நேரத்தில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கு, மீதி 13 சதவீதம்தான் உலகத்தில் மற்ற எல்லோருக்கும். அந்தக் கணக்கு முழுமையானதல்ல என்று நிறுவனம் சொன்னது. ஆனால் இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளில் ஐந்துக்குத்தான் தங்கள் இயந்திரத்தைப் பழக்கியிருக்கிறோம் என்று அப்போது அவர்களே சொன்னதும் உண்மை. அதுவும் எந்தத் தமிழுக்கு? தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே கமெண்ட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இருக்கும், அதையும் ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பார்கள். அதற்கு யார் பழக்கியிருக்கப் போகிறார்கள்?

உங்கள் வீடியோவில் இயந்திரத்துக்குக் கேட்டது ஒரு சாதிப் பெயரும் அதோடு சேர்ந்த வசவும். யார் சொன்னார்கள், யாரைப் பார்த்துச் சொன்னார்கள், எடுத்தவர் எதற்காகப் போட்டார் என்பதெல்லாம் அதற்குத் தெரியவில்லை. எதிர்த்தரப்பு வீடியோவில் வசவே கிடையாது. பாட்டு, புல்லட் வண்டி, அரிவாள் பிடித்த ஒரு கார்ட்டூன் கை. கமெண்ட்டுகளைப் பாருங்கள், நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலேயே இருக்கிறது. ஒருவர் 'தேர் நிலைக்கு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்' என்கிறார். இன்னொருவர் '2012 ஞாபகம் இருக்கா' என்று மட்டும் எழுதி இரண்டு தீ படம் போட்டிருக்கிறார். வெளியூர்க்காரருக்கு அது வெறும் ஒரு வருஷம். தருமபுரிக்காரருக்கு அது 2012 நவம்பர் 7, நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் என்று மூன்று தலித் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கொள்ளையடித்துத் தீ வைத்த நாள். இந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதிலேயே கொடிய வார்த்தை அந்த நாலு இலக்கம்தான், உலகத்தில் எந்த இயந்திரமும் அதைப் பிடிக்காது, ஹைதராபாத்திலோ மணிலாவிலோ உட்கார்ந்து சில நொடிகளில் முடிவெடுக்கிற ஆளும் பிடிக்க மாட்டார். நம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால்தான் பிடிக்க முடியும்.

இத்தனைக்கும் விதிப் புத்தகத்தில் குறையில்லை. ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ் மூன்றின் வெறுப்புப் பேச்சு விதிகளிலும் இனம், மதத்தோடு சாதியும் பாதுகாக்கப்பட்ட அடையாளமாக எழுதப்பட்டிருக்கிறது. கண்டிப்பதற்காகவோ விழிப்புணர்வுக்காகவோ ஒரு வசவை எடுத்துக்காட்டினால் அனுமதி உண்டு என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த நோக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள், யூடியூபில் அது தலைப்பிலோ விளக்கத்திலோ மட்டும் இருந்தால் எப்போதும் போதாது, வீடியோவுக்குள்ளேயே இருக்க வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? எடுத்த கையோடு, வெட்டாமல், ஒரு வார்த்தை விளக்கமில்லாமல், 'நம்ம ஊர்ல நடந்தது பாருங்க' என்று போட்டீர்கள். உங்கள் நோக்கம் ஊருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அடுத்த முறை முதல் பத்து நொடியில் நீங்களே பேசுங்கள்: இது இன்ன ஊரில் நடந்த சாதிக் கொடுமை, இதைக் கண்டிக்கிறோம், இந்தக் காரணத்துக்காகக் காட்டுகிறோம். வசவு வருகிற இடத்தில் ஒலியை மூடுங்கள், எழுத்திலும் அந்த வார்த்தையைப் போடாதீர்கள். பாதிக்கப்பட்டவர்களின் கௌரவத்துக்கும் அதுதான் நல்லது.

'அவங்க கூட்டமா சேர்ந்து ரிப்போர்ட் அடிச்சாங்க, அதான் போச்சு' என்றும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ரிப்போர்ட் என்ற எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதில்லை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒரு ரிப்போர்ட் போதும், தப்பான கண்ணில் பட்டுவிட்டால் போய்விடும். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் நீக்கல் முடிவுகளை மறுபடி பார்க்கிற மேற்பார்வை வாரியம் 2021இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், பஞ்சாபி மொழி ஊடகம் ஒன்றின் வீடியோவைப் பகிர்ந்தவரின் போஸ்ட் அப்படித்தான் ஒரே ஒருவர் ரிப்போர்ட் செய்து, ஒரு மனிதர் பார்த்து, நீக்கப்பட்டது. அரசியல் விமர்சனத்தை ஆபத்தான அமைப்புகள் விதியில் போட்டுவிட்டார்கள். நீக்கியது தப்பு என்ற வாரியம், அந்த நிறுவனத்தின் விதிமுறைகளே பஞ்சாபியில் கிடைக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. கோடிக்கணக்கான பேர் பேசுகிற மொழியில் விதியே இல்லாமல், அந்த விதியை மீறினாய் என்று தண்டித்திருக்கிறார்கள்.

அரசு நீக்கச் சொல்வது இன்னும் கனமான விஷயம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு முடக்க உத்தரவிடலாம். 2020 ஜூனில் டிக்டாக் உள்பட 59 செயலிகளை இந்தப் பிரிவில்தான் ஒரே இரவில் நிறுத்தினார்கள். 2015 மார்ச் 24இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும் செய்தி போட்டால் சிறை என்ற 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது; அதே தீர்ப்பில் 69ஏ-வைச் செல்லும் என்று விட்டுவைத்ததை யாரும் பேசுவதில்லை. காரணத்தை எழுத்தில் பதிவு செய்கிறார்கள், பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்பது அதற்கு நீதிமன்றம் சொன்ன நியாயங்களில் ஒன்று. ஆனால் 2009 முடக்க விதிகளின் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் எழுதப்பட்டிருக்கிறது, உனக்குக் காட்ட மாட்டேன் என்றால் எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

2025 பிப்ரவரியில் விகடன் இணையதளத்துக்கு நடந்ததைப் பாருங்கள். பிரதமரை விலங்கோடு, அமெரிக்க அதிபர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகக் காட்டிய ஒரு கார்ட்டூன். அந்த ஒரு பக்கத்துக்காக மொத்த இணையதளமும் பல இடங்களில் திறக்காமல் போனது, முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை என்று விகடன் சொன்னது. மார்ச் 6இல் சென்னை உயர் நீதிமன்றம் தளத்தைத் திறந்துவிடச் சொன்னது, அதுவும் அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் நிபந்தனையோடு. அப்போது நூறாண்டை நெருங்கியிருந்த பத்திரிகை, சென்னையில் அலுவலகம், பெரிய வக்கீல்கள். அவர்களுக்கே மூன்று வாரம் ஆனது.

பாப்பாரப்பட்டிக்குப் போகிறவர்கள் சுப்பிரமணிய சிவாவின் நினைவு மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். 1908இல் பேசியதற்காக அவர் மேல் ராஜதுரோக வழக்கு. திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே 10 ஆண்டு தீவாந்தர தண்டனை கொடுத்தார், மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்தது, சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். கொடுமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த மேடைப் பேச்சு, எந்தப் பிரிவு, எந்த நீதிபதி, எங்கே மேல்முறையீடு என்பது அவருக்கும் ஊருக்கும் தெரிந்திருந்தது. அந்நிய ஆட்சியில் இருந்த அந்தக் குறைந்தபட்ச வெளிச்சம் சுதந்திர நாட்டில் ஒரு போஸ்ட் போடுகிறவனுக்கு இல்லையென்றால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. இந்த இழுபறி புதிதும் அல்ல. சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குப் போட்ட தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தைப் பேச்சுரிமையின் விதிவிலக்குகளில் சேர்த்தது. அப்போது மத்திய உள்துறை அமைச்சர் நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி.

இப்போது 69ஏ தவிர இன்னொரு வழியும் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் மத்திய உள்துறை தொடங்கிய சஹ்யோக் தளம் வழியாக, நோட்டீஸ் வந்தும் நீக்காத நிறுவனம் சட்டப் பாதுகாப்பை இழக்கும் என்கிற 79(3)(பி) பிரிவைச் சொல்லி அதிகாரிகள் நேரடியாக நிறுவனங்களுக்கு நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புகிறார்கள். எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துப் போட்ட வழக்கை கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அதன் பிறகு, இணைச் செயலாளர் அந்தஸ்துக்கும் காவல்துறையில் டிஐஜி அந்தஸ்துக்கும் குறையாத அதிகாரிதான் அனுப்ப வேண்டும் என்று விதியில் திருத்தம் வந்தது. அனுப்புகிறவரின் பதவி உயர்ந்திருக்கிறது, போட்டவரைக் கேட்டுவிட்டு நீக்கு என்கிற வரி மட்டும் இன்னும் வரவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், 'எதையும் நீக்கக்கூடாது' என்பதை நான் ஏன் ஏற்கவில்லை? 2018 மே மாதம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தார். குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. வாட்ஸ்அப்பில் அந்த வாரம் முழுக்க ஓடிய வதந்தி அந்த உயிரை எடுத்தது. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாமல் செய்தது. யாருடைய வாயையும் மூடவில்லை, வேகத்தைக் குறைத்தார்கள். இதற்கும் ஒருவர் சென்சார்ஷிப் என்று பெயர் வைத்தால் நான் எதிர்த்து வாதாடுவேன்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பரவிய வீடியோக்களும் அப்படித்தான். அவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, மற்றொன்று கோவைக்காரர்கள் இருவர் சண்டை என்று தமிழ்நாடு காவல்துறை விளக்க வேண்டியிருந்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஓசூர் சிப்காட்டில் எத்தனை வடமாநிலப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த வீடியோ அவர்கள் வீட்டில் இருக்கிற அம்மா அப்பாவை என்ன பாடு படுத்தியிருக்கும்?

நம் பகுதிக்கே உரிய இன்னொன்று, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர் கெட்டுப்போன மாவட்டம் தருமபுரி. பாலினத் தேர்வு விளம்பரம் இணையத்தில் வரக்கூடாது என்று சாபு மேத்யூ ஜார்ஜ் தொடுத்த வழக்கில், 2016இல் உச்ச நீதிமன்றம் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றையும் அவற்றைத் தானாகவே தடுக்கச் சொன்னது, புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்றது. அந்தத் தடையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். குழந்தைத் திருமணத்தைத் தடுத்தோம் என்று அந்தச் சிறுமியின் முகத்தையும் பெயரையும் போட்டுப் பெருமைப்படுகிற போஸ்ட்டுகளும் உடனே போக வேண்டியவை. சிறார் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவு அதைக் குற்றம் என்கிறது. உங்கள் பக்கத்தில் பழையது ஏதாவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டியது. போனில் இருக்கிற மூல வீடியோவை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், அப்படியே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள், அந்தப் போனையும் விற்றுவிடாதீர்கள். சிரியப் போரை ஆவணமாக்கியவர்கள் யூடியூபில் ஏற்றி வைத்திருந்த வீடியோக்களில் ஏராளமானவற்றை 2017இல் இயந்திரம் தீவிரவாதம் என்று கருதி நீக்கியது. போர்க் குற்றத்துக்கு ஆதாரமாக இருந்தவை அவை. அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992இல் வனத்துறை, காவல்துறை ஆட்கள் பழங்குடி மக்கள் மேல் நடத்திய கொடுமைக்குத் தீர்ப்பு 2011இல்தான் வந்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். நம் ஊரில் நீதிக்கு முப்பது வருஷம்கூட ஆகும், அதுவரைக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வரை நம்பி ஆதாரத்தை விட முடியாது. கோர்ட்டில் காட்டும்போது 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் தேவைப்படும், அதை எடுத்தவர் என்ற முறையில் நீங்களும் கையெழுத்திட வேண்டி வரும்.

அப்பீல் பொத்தானை அழுத்திவிட்டு, குறைதீர் அதிகாரிக்குத் தனியாக எழுதுங்கள்: விதி 4(8)இன்படி எந்த வாசகம், எந்த விதியை மீறியது என்று கேட்டு, கண்டிப்பதற்காகக் காட்டியது உங்கள் விதியிலேயே அனுமதிக்கப்பட்டது என்று சொல்லி. தமிழிலேயே எழுதலாம், கூடவே ஆங்கிலத்திலும் வையுங்கள். மிரட்டல் கமெண்ட்டுகளை இதோடு குழப்பாதீர்கள், அவற்றுக்கு நிறுவனத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். கணக்கின் பெயர், லிங்க், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, '2012' என்பதற்கு நம் மாவட்டத்தில் என்ன அர்த்தம் என்று ஒரு பத்தி விளக்கி, எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துப் புகாராகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திட்டியதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), 3(1)(எஸ்), வெறுப்பைத் தூண்டும் பதிவுக்கு 3(1)(யு) பொருந்தும். திட்டு வாங்கியவர்கள் பெயரில் அந்தப் புகார் போக வேண்டும், நீங்கள் சாட்சி. வீடியோவை மறுபடி ஏற்றுவதற்கு முன்னால் அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். முகம் தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.